வெள்ளம் புகுந்தது எந்தத் ‘துறை’யில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவன் நான். பிரான்சில் பெய்த கனமழை பற்றி அண்மையில் அதில் ஒரு சிறு செய்தி வந்திருந்தது. அந்நாட்டின் துறை ஒன்று வெள்ளத்தில் மூழ்கியதாகவும், அத்துறையின் ஆளுநர் மக்களை எச்சரித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். காலையில் காப்பிக் கடையில் அதை வாய்விட்டுப் படித்தேன். எதிரே அமர்ந்திருந்த நண்பர், “துறை மூழ்குமா? கோப்புகள் நனைந்தன என்றால் புரிகிறது. எந்தத் துறை அது, நீர்ப்பாசனத் துறையா, கல்வித் துறையா?” என்று கேட்டார். சிரித்துவிட்டு விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் இதே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றின் பின்னே நிற்கும் ஏற்பாடு எங்களைப் போன்ற தோட்டப்புறத்து வாசகர்களுக்கு முற்றிலும் தொடர்பில்லாததும் அன்று. ஆகவே சற்று விரிவாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

செய்தியில் ‘துறை’ ஆனது ‘தெபார்த்மான்’ என்ற பிரெஞ்சுச் சொல். ஆங்கிலத்தில் அரசு இலாகாவுக்கும் ஏறக்குறைய இதே எழுத்துகள் இருப்பதால் மொழிபெயர்த்தவர் வழுக்கியிருக்கிறார். தெபார்த்மான் என்பது நிலப்பிரிவு. பிரான்சில் அப்படி 101 உண்டு. அவற்றுள் 96 ஐரோப்பிய நிலத்தில் உள்ளவை, ஐந்து கடல்கடந்தவை. மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழந்தமிழில் துறை என்றால் ஆற்றில் மக்கள் இறங்கும் இடம். தெபார்த்மான்களில் பெரும்பாலானவை ஆறுகளின் பெயரைத்தான் தாங்குகின்றன: லுவார், கரோன், தோர்தோஞ், சோம் என்று பட்டியல் நீளும். அந்த வகையில் மொழிபெயர்ப்பாளர் தம்மையறியாமல் பொருத்தமான ஒரு சொல்லைத் தொட்டுவிட்டார் என்று அவருக்காக வாதாடலாம். ஆனால் இக்கால வாசகர் எவரும் அப்படிப் படிக்கப்போவதில்லை.

அந்த ஆற்றுப் பெயர்கள் தற்செயலாக வந்தவை அல்ல. 1789 புரட்சிக்கு முன் பிரான்சு, நார்மாந்தி, பிரித்தாஞ், புர்கோஞ் போன்ற பழைய மாகாணங்களாக இருந்தது. அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழக்கச் சட்டமும் வரியும் சலுகையும் இருந்தன. அவற்றை ஒழித்து நாடு முழுவதையும் ஒரே சீராகப் பிரிக்க வேண்டும் என்று புரட்சியின் நாடாளுமன்றம் எண்ணியது. நாட்டின் வரைபடத்தின்மீது சதுரங்கப் பலகைபோலக் கோடு கிழித்துவிடும் யோசனைகூட அப்போது முன்வைக்கப்பட்டது. அது ஏற்கப்படவில்லை. நிலத்தின் இயல்பையும் மக்களின் போக்குவரத்தையும் ஒட்டி 1790இல் 83 தெபார்த்மான்கள் வகுக்கப்பட்டன. பழைய மாகாணப் பற்று மறையட்டும் என்று மன்னர்களோடும் பிரபுக்களோடும் தொடர்பில்லாத ஆறு, மலை, கடற்கரைப் பெயர்களைச் சூட்டினார்கள். தெபார்த்மானின் எந்த மூலையிலிருந்தும் குதிரையில் ஒரு நாளில் தலைநகரை எட்ட முடிய வேண்டும் என்பது அன்றைய அளவுகோல் என்பார்கள்.

அடுத்தது ‘ஆளுநர்’. நம் மலேசியாவில் ஆளுநர் என்றால் பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் மாநிலங்களின் தலைவரைத்தான் வாசகர் நினைப்பார். செய்தியில் குறிப்பிடப்பட்டவர் ‘ப்ரெஃபே’. 1800ஆம் ஆண்டில் நெப்போலியன் உருவாக்கிய பதவி அது. மத்திய அரசு நியமித்து அனுப்பும் அதிகாரி, அரசின் சார்பாகத் தெபார்த்மானில் சட்டம் ஒழுங்கையும் பேரிடர் நடவடிக்கைகளையும் கவனிப்பவர். தெபார்த்மானை ‘அரோந்திஸ்மான்’ எனச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு துணை ப்ரெஃபேயை அமர்த்தியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் பேராக்கில் அமைத்து இன்றுவரை நீடிக்கும் மாவட்ட அதிகாரி பதவிக்கு மிக நெருங்கிய உறவு இந்தத் துணை ப்ரெஃபேதான். தெபார்த்மானை ‘மாவட்டம்’ என்று மாற்றிவிட்டால் போதுமே என்று சிலர் சொல்வதை நான் ஏற்காததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு ஒப்பானது அரோந்திஸ்மான். அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கிடையாது, அது நிர்வாக வசதிக்காக மேலிருந்து போட்ட கோடு மட்டுமே. தெபார்த்மானுக்கோ மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மன்றம் உண்டு. நடுநிலைப் பள்ளிக் கட்டடங்களும், தெபார்த்மான் சாலைகளும், முதியோர், மாற்றுத்திறனாளிகள், வருமானமற்றவர்களுக்கான உதவிகளும் அம்மன்றத்தின் பொறுப்பு. 1982 மார்ச் 2ஆம் நாள் சட்டம் வரும்வரை அம்மன்றத்தின் தீர்மானங்களைச் செயற்படுத்தும் அதிகாரமும் ப்ரெஃபேயின் கையில்தான் இருந்தது. அச்சட்டம் அதை எடுத்து மன்றத் தலைவரிடம் கொடுத்தது.

அரோந்திஸ்மான் என்ற சொல்லில் வேறொரு குழப்பமும் உண்டு. பாரிசில் உறவினர் உள்ள வாசகர்களுக்கு அது தெரிந்திருக்கும். நம் இலங்கைத் தமிழர்களின் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதி பாரிசின் 10ஆம், 18ஆம் அரோந்திஸ்மான்களை ஒட்டியது என்று சொல்லும்போது, அது மாநகருக்குள் உள்ள வட்டாரத்தைக் குறிக்கிறது. பாரிசில் 20, மார்செயில் 16, லியோனில் 9 என்று அவை உள்ளன. அவற்றுக்கு, சில இடங்களில் பல வட்டாரங்களுக்குச் சேர்த்து, மன்றமும் மேயரும் உண்டு. துணை ப்ரெஃபேயின் அரோந்திஸ்மானும் இதுவும் பெயரளவில் மட்டுமே ஒன்று.

‘கந்தோன்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது இன்று தேர்தல் தொகுதி. முன்பு 4,000க்குச் சற்று மேல் இருந்தவை 2015 தேர்தலுக்காக 2,054 ஆகக் குறைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணையாகப் போட்டியிட்டு, இணையாகவே தெபார்த்மான் மன்றத்துக்குச் செல்கிறார்கள்.

தெபார்த்மான்களுக்கு மேலே உள்ள மண்டலத்தைத் தாங்கள் ஒரு நாள் ‘மாநிலம்’ என்றும், இன்னொரு நாள் ‘மாகாணம்’ என்றும் அச்சிடுகிறீர்கள். இரண்டுமே சரியல்ல. நம் மாநிலத்துக்குச் சட்டமன்றம் உண்டு, நிலமும் ஊராட்சியும் அதன் அதிகாரத்தில் உள்ளவை. பிரெஞ்சு மண்டலம் சட்டம் இயற்றுவதில்லை. உயர்நிலைப் பள்ளிகள், வட்டார ரயில்கள், தொழில் வளர்ச்சி போன்றவற்றைக் கவனிக்கிறது. நாடு முழுவதும் அதற்கு முதல் நேரடித் தேர்தல் நடந்ததே 1986இல்தான். 2016 தொடக்கத்தில் ஐரோப்பிய நிலத்தில் இருந்த 22 மண்டலங்களை 13 ஆக இணைத்தார்கள்; கடல்கடந்த ஐந்தையும் சேர்த்து இன்று 18. நூவெல் அக்கித்தேன் என்ற புதிய மண்டலம் ஒன்று மட்டுமே ஏறத்தாழ நான்கு பேராக்குகளுக்குச் சமம். இவ்வளவு பெரிய மண்டலத்தோடு மக்கள் ஒட்டிக்கொள்ளவில்லை என்பது 2021 ஜூன் தேர்தலில் தெரிந்தது: மூன்றில் இரு பங்கு வாக்காளர்கள் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை.

இத்தனை அடுக்குகளையும் பிரெஞ்சுக்காரர்களே பல மடிப்புள்ள ஒரு பலகாரத்தின் பெயரைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். நம் மாலைத் தேநீரோடு வரும் குவே லாப்பிஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குவேயின் அடி மடிப்புதான் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது. அதன் பெயர் ‘கொம்யூன்’.

கொம்யூன் என்பது ஊர். பெருநகரமும் கொம்யூன்தான், நாற்பது வீடுள்ள மலைக் கிராமமும் கொம்யூன்தான். சட்டத்தின் முன் இரண்டும் ஒரே வகை. ஏறத்தாழ 34,900 கொம்யூன்கள் உள்ளன, அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. ஒவ்வொன்றிலும் ஊர்மக்கள் ஆறாண்டுக்கு ஒருமுறை மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மன்றம் தன் உறுப்பினருள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கிறது. 1884ஆம் ஆண்டுச் சட்டம் முதல் இதுதான் நடைமுறை. தலைநகர் பாரிஸ் மட்டும் 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது வேடிக்கை. தொடக்கப் பள்ளிக் கட்டடம், ஊர்ச் சாலை, இடுகாடு, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவை மேயரின் பொறுப்பில் உள்ளன. திருமணம் நடத்திவைப்பதும் அவரே. கோயிலில் தாலி கட்டுவதற்கு முன், மூவர்ணப் பட்டை அணிந்த மேயர் அல்லது அவருடைய துணைவர் முன்னிலையில் பதிவு செய்தாக வேண்டும் என்பதை அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் நன்கு அறியும்.

வெர்தன் அருகே ஆறு கொம்யூன்கள் இருக்கின்றன. முதல் உலகப் போரின்போது 1916இல் நடந்த சண்டையில் அவை தரைமட்டமாயின. இன்று அவற்றில் குடியிருப்போர் எவரும் இல்லை. இருந்தும் அவற்றைக் கலைக்காமல், நினைவுக்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயரை ப்ரெஃபே நியமிக்கிறார். ஆளில்லாத ஊருக்கு மேயர் நியமிக்கப்படுகிறார். ஆள் இருக்கும் ஊரில் மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆட்களுக்கே உரியது. இந்த விதியைப் படித்தபோது சற்று நேரம் தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

கொம்யூன் என்ற சொல்லைத் தமிழுக்குப் புதிது என்று ஒதுக்கவும் முடியாது. 1880 மார்ச் 12ஆம் நாள் ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் அமைக்கப்பட்டன. அவ்வாட்சி போன பிறகும் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அச்சொல்லை விடவில்லை. வில்லியனூர், பாகூர், திருநள்ளாறு, நெடுங்காடு உட்பட இன்றும் அங்கே பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன. சொல் தங்கிவிட்டது, தேர்தல் தங்கவில்லை. 1968க்குப் பிறகு 2006இல்தான் அங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. இடையில் 38 ஆண்டுகள். ஆகவே நான் சொல்ல வருவது தமிழ்நாட்டுக்கோ புதுச்சேரிக்கோ பெருமை சேர்க்கும் கதை அன்று.

என் மனத்தில் இருப்பது ரெயூனியோன் தீவு. பிரான்சின் அஞ்சல் குறியீட்டின் முதல் இலக்கங்கள் பொதுவாகத் தெபார்த்மானின் எண்ணைக் காட்டும். ரெயூனியோனின் எண் 974. இந்தியப் பெருங்கடலில் மொரிசியசுக்கு மேற்கே உள்ள தீவு அது. 1848 இறுதியில் அங்கே அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கப்பலேற்றினார்கள். எங்கள் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கினார்கள் என்றால், அதற்குச் சற்று வடக்கே காரைக்காலிலும் புதுச்சேரியிலும் ஏறியவர்கள் அங்கே போய் இறங்கினார்கள். அவர்களுக்குக் கரும்பு, நமக்கு ரப்பர். ஒப்பந்தமும் வரிசை வீடும் மேலே ஒரு துரையும் இரு பக்கமும் பொது. 1946 மார்ச் 19ஆம் நாள் சட்டத்தால் ரெயூனியோன் குடியேற்ற நாடு என்ற நிலையிலிருந்து தெபார்த்மானாக மாறியது. இன்று அதே தீவு ஒரு தெபார்த்மானாகவும் ஒரு மண்டலமாகவும் இருக்கிறது, இரண்டுக்கும் தனித்தனி மன்றம். அதனுள் 24 கொம்யூன்கள். செந்த் ஆந்த்ரே என்ற கொம்யூனின் மேயராகப் பல்லாண்டுகள் இருந்தவர் ழான்-போல் விராப்புல்லே. பெயரை உரக்கப் படித்தால் ‘வீரப்பிள்ளை’ என்பது காதில் விழும். தீவில் தமிழ் பேசுவோர் அருகிவிட்டார்கள், பெயர்களும் உருமாறிவிட்டன, அது ஒரு பெரிய இழப்புதான். இங்கே நாம் தமிழையும் தமிழ்ப்பள்ளியையும் காத்து வைத்திருக்கிறோம். ஆனால் கூலியாகப் போனவரின் பேரன் ஊர் மேயரை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறான், வேண்டுமானால் தானே மேயராகவும் ஆகிறான் என்பதில் அவர்கள் நமக்கு முன்னே நிற்கிறார்கள்.

நம் நாட்டிலும் ஊர்த் தேர்தல் இல்லாமல் இருந்ததில்லை. 1951 இறுதியில் ஜார்ஜ்டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. மறு ஆண்டு கோலாலம்பூரிலும் நடந்தது. இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச் 1ஆம் நாள் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் மீண்டும் நடக்கும் என்றுதான் அப்போது சொல்லப்பட்டது. அதை ஆராய நியமிக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். அவருடைய ஆணையம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரும்படியே பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. இன்று ஒரு மன்றத்தில் எட்டுக்குக் குறையாமலும் 24க்கு மேற்படாமலும் உறுப்பினர் இருக்கலாம். அத்தனை பேரையும் மாநில அரசு நியமிக்கிறது. ஆதி நாகப்பன் பெயரை அறிந்த இளைஞர்கள் எத்தனை பேர் என்று தங்கள் நாளிதழே ஒரு நாள் கேட்டுப் பார்க்கலாம்.

நான் ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்தவன். தோட்டத்திலும் ‘டிவிஷன்’ உண்டு. ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஆட்கள் கூடி நிற்கும் ஒரு பெரட்டுக் களம், செக்ரோல் என்ற ஒரு வருகைப் பதிவேடு, கண்டக்டர் என்ற ஒரு மேற்பார்வையாளர். விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு ஆளைப் பிரித்து அனுப்புவோம். அந்தக் கோடுகளைத் துரை கிழித்தார். மக்கள் அவற்றுக்குள் நின்றார்கள். தோட்டத்து மக்களுக்குப் ‘பிரிவு’ என்றாலே மேலிருந்து வருவது என்ற எண்ணம் ஊறிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நான் இளமையில் வேலை செய்த ஒரு தோட்டத்தில், லயத்திலிருந்து பொதுச் சாலைக்குச் செல்லும் வழியில் ஒரு மதகு இடிந்து விழுந்தது. ஊராட்சி மன்றத்தில் கேட்டால், தோட்டம் தனியார் நிலம் என்றார்கள். நிர்வாகத்தைக் கேட்டால், மதகு இருப்பது சாலை ஒதுக்கு நிலத்தில் என்றார்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளைப் பலகை போட்டுக் கடக்கவிட்டோம். யாரைக் குறை சொல்லவும் இதை எழுதவில்லை; அவரவர் கோப்பின்படி இருவர் சொன்னதும் சரியாகவே இருந்திருக்கலாம்.

பிரான்சில் மட்டும் தனியார் பாதையை ஊர் செலவில் செப்பனிட்டுவிடுவார்களா என்றால் இல்லை, அங்கும் அது உடைமையாளரின் பொறுப்புதான். ஆனால் அந்நாட்டின் நிலம் முழுவதும் ஏதோ ஒரு கொம்யூனுக்குள் அடங்கும். கரும்புத் தோட்டமானாலும் காடானாலும் அதற்கொரு மேயர் உண்டு, பொதுமக்களின் பாதுகாப்பு அவருடைய சட்டக் கடமை. பள்ளிப் பிள்ளைகள் பலகையில் நடப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த தேர்தலில் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம்தான் வாக்குக் கேட்டு வர வேண்டும்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. 300 பேருள்ள ஊர், தனியாகக் குப்பை அள்ளவும் குடிநீர் கொடுக்கவும் முடியாமல் திணறுகிறது. அதனால் ஏறக்குறைய எல்லாக் கொம்யூன்களும் ஏதேனும் ஒரு கூட்டமைப்பில் சேர்ந்தாக வேண்டியதாயிற்று. 2015ஆம் ஆண்டுச் சட்டம் அக்கூட்டமைப்புகளுக்குப் பொதுவாகக் குறைந்தது 15,000 மக்கள் வேண்டும் என்றது. மலைப் பகுதிகள் போன்றவற்றுக்கு விலக்கும் தந்தது. அதிகாரம் கூட்டமைப்புக்குப் போய்ப் பழி மட்டும் தங்களிடம் நிற்கிறது என்று சிற்றூர் மேயர்கள் முணுமுணுக்கிறார்கள். வசிக்கும் வீட்டின் மீதான குடியிருப்பு வரி 2023இல் முற்றாக நீங்கியதால் கொம்யூன்கள் தாமே விகிதம் நிர்ணயித்த ஒரு வருவாய் போய், பாரிசின் கையை எதிர்பார்க்கும் நிலை கூடியிருக்கிறது. ரெயூனியோனின் கொம்யூன்களும் கிராமங்கள் அல்ல. எட்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களை 24 ஆகப் பிரித்தால் சராசரியாக ஒவ்வொன்றும் நம் நடுத்தர நகரம் அளவுக்கு வரும். இன்னொன்று, பாரிசிலும் அதன் வடக்குப் புறநகர்களிலும் வாழும் இலங்கைத் தமிழர்களுள் பிரெஞ்சுக் குடியுரிமை பெறாதவர்களுக்கு இந்த ஊர்த் தேர்தலிலும் வாக்கு இல்லை; ஐரோப்பிய ஒன்றியத்து நாட்டவர்களுக்கு மட்டுமே அச்சலுகை.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். நாம் மாவட்டத்தின் உட்பிரிவான முக்கிமை முக்கிம் என்றும் மலாய்க் கிராமமான கம்போங்கைக் கம்போங் என்றும் எழுதிப் பழகியவர்கள். அவற்றுக்குத் தமிழ் தேடி அலையவில்லை, வாசகரும் தடுமாறவில்லை. அதுபோல், தெபார்த்மான், அரோந்திஸ்மான், கொம்யூன், ப்ரெஃபே ஆகிய சொற்களை அப்படியே தமிழெழுத்தில் அச்சிட்டு, முதல் முறை வரும்போது ஒரு வரியில் விளக்கம் தாருங்கள். மேல் அடுக்குக்கு ‘மண்டலம்’ போதும். ஒவ்வொன்றும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமா, அரசு அனுப்பிய அதிகாரியா என்பதையும் அந்த ஒரு வரியில் சேர்த்துவிட்டால், காப்பிக் கடையில் என் எதிரே அமரும் நண்பர் அடுத்த முறை வேறு கேள்வி கேட்பார். அவர் என்ன கேட்பார் என்று எனக்கு ஓரளவு தெரியும், நேற்று இதையெல்லாம் விளக்கி முடித்ததும், “நம்ம ஊருக்கு யார் மேயர்?” என்று அவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.